ஒத்தைச் சக்கரத்தின் கைப்பிடி

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. யூனிஃபார்ம் ஈரமாகவே போட்டுக்கொண்டு போனேன்.

சாயங்காலம் வண்டியின் கைப்பிடி உடைந்தது. வேலை முடிந்து வந்து, வழக்கம்போல வலக்கையில் தூக்கிக்கொண்டு படியேறினேன். ஒன்பதாம் படி. டக் என்று ஒரு சத்தம். என் கையில் பிடி மட்டும். வண்டி அத்தனை படியும் உருண்டு போய் கேட்டில் மோதி நின்றது.

ஹவுஸ் ஓனர் பரமேஸ்வரி (இனி ப.; முழுப்பெயருக்கு மை வீண்) ஓடி வந்தாள். எனக்கு அடிபட்டதா என்று ஒரு வார்த்தை இல்லை. "ஏம்மா ஸ்டெல்லா, படி பேந்துருச்சா பாரு!" குனிந்து தடவித் தடவித் தேடினாள். மூன்றாம் படி ஓரத்தில் காரை பெயர்ந்த பழைய இடம். அதையும் என் தலையில் கட்டினாள்.

இந்த வண்டியை நான் வாங்கியதே கைப்பிடிக்காகத்தான். முன்பு ஸ்கூட்டர். வாசலில் நிறுத்தினால் கோலம் அழிகிறதாம். படிக்குக் கீழே நிறுத்தினால் வழி மறிக்கிறதாம். தெருவில் நிறுத்தினேன், எவனோ சீட்டைக் கிழித்தான். தினமும் "அக்கா, இங்க வச்சுக்கவா, அங்க வச்சுக்கவா" என்று கெஞ்சிக் கெஞ்சி வெறுத்துப்போய் விற்றேன். பெங்களூரில் சித்தி மகன் ஓட்டி அலுத்துப் போட்டிருந்த இந்த ஒத்தைச் சக்கரத்தை வாங்கினேன். பேட்டரி வண்டி. பத்தொன்பது கிலோ. நின்றுகொண்டு ஓட்ட வேண்டியது, இறங்கினால் பெட்டி மாதிரி தூக்கிக்கொண்டு மாடிக்குப் போக வேண்டியது. எவளிடமும் இடம் கேட்க வேண்டாம். எட்டு மாதம் கேட்கவில்லை.

இன்று கேட்டேன். "அக்கா, ரெண்டு நாளைக்கு படிக்குக் கீழ வச்சுக்கவா?" அந்த முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே. "வச்சுக்க, வச்சுக்க. கேட்டா நான் இல்லைன்னா சொல்லப்போறேன்?"

பி.கு.: ப. என் கத்தரிக்கோலை வாங்கிப் போய் பதினெட்டு நாள். திருப்பித் தரவில்லை. கேட்கமாட்டேன்.

நவ. 12, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

உடைந்த பிடியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். போல்ட் நான்கு. இரண்டு தளர்ந்து கிடக்கின்றன. அதனால் மொத்தப் பாரமும் ஒரே பக்கம் விழுந்து பிளாஸ்டிக் வாய் பிளந்திருக்கிறது. மாதம் ஒரு தடவை முடுக்கு என்று சித்தி மகன் படித்துப் படித்துச் சொன்னான். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட நான் தொடவில்லை. என் தப்புதான். இதை இந்த நோட்டைத் தவிர வேறு எங்கும் சொல்லப்போவதில்லை.

பிடி இல்லாமலே ஓட்டிக்கொண்டு லேபுக்குப் போனேன். இன்று தெருவில் காதில் விழுந்தவை:

"ஏலே, இங்க பார்ரா, சர்க்கஸ்!"

"அக்கா, இன்னொரு சக்கரம் எங்க கழண்டு விழுந்துச்சு?" (டவுன் பஸ் கண்டக்டர். தினமும் இதேதான். புதிதாக யோசிக்கக்கூட வக்கில்லை.)

"கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இதெல்லாம் தேவையா?" (பூக்கடை.)

லேபில் பதினேழு பேருக்கு ரத்தம் எடுத்தேன். கார்த்திகை பிறக்கும் முன்பே மாலை போட்ட சாமி ஒருவர், ஊசியைப் பார்த்ததும் மயக்கம். ஆறடி உடம்பு.

நவ. 14, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பேக் ரிப்பேர் கடை. ரஹீம் பாய். சூட்கேஸ் பிடி மாற்றுவதில் கெட்டி என்று லேபில் சொன்னார்கள். வண்டியைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள். அதற்காகவே வேலையைக் கொடுத்தேன்.

பிடியைத் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, அடியில இது என்ன பொத்தான்?"

"தூக்கும்போது வெரல் தானா அதுல அமுங்கும் பாய். மோட்டார் நின்னுரும். இல்லைன்னா அந்தரத்துல சக்கரம் கிர்ருன்னு சுத்தும்."

"ஓடுறப்ப அமுங்குனா?"

"ஓடுறப்ப அங்க யாரு கை வைக்கப்போறா?"

பாய் ஒரு பெரிய சூட்கேஸ் பிடியை எடுத்து ரிவிட் அடித்தார். தூக்கிப் பார்த்தேன். நின்றது. இரண்டாம் தடவை தூக்கினேன். ரிவிட் பிடுங்கிக்கொண்டு வந்து என் கால் கட்டைவிரலில் வண்டி. கண்ணில் பூச்சி பறந்தது.

"இது துணிமணி தூக்குற பிடி. இந்தக் கனம் தாங்காது. பட்டை இரும்பு போட்டாத்தேன் நிக்கும். திங்கக்கிழமை வாங்க."

முதலிலேயே தெரியாதா? தெரியும். என் கட்டைவிரலை வைத்துத்தான் சோதிக்க வேண்டுமா?

திரும்பும்போது ப. வாசலில். "இன்னும் சரியாகலையா? ரெண்டு நாளுன்ன?" எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நவ. 17, திங்கள்

பாய் வரவில்லை. மச்சான் வீட்டு நிக்காஹ் என்று பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். நாளை மறுநாள்தான் கடைக்கு வருவாராம். கடைக்குப் பூட்டு. திண்டுக்கல்லில் பூட்டுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

வாங்க வேண்டியவை: பல்பு, சேமியா, ஸ்பிரிங் வாஷர் 4 (போல்ட் தளராமல் இருக்க), கட்டைவிரலுக்கு மருந்து.

நவ. 19, புதன்

கைப்பிடி முடிந்தது. சொல்லத்தான் வேண்டும், நல்ல வேலை. பக்கத்து கிரில் பட்டறையில் பட்டை இரும்பை வளைத்து, நான்கு போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரோடு போட்டு, மேலே கறுப்பு ரெக்சின் தைத்து, அடியில் பொத்தானுக்கு மட்டும் அளவாக வாய் விட்டிருக்கிறார். ரெக்சின் பொத்தானில் படக் கூடாது என்று நான்கு தடவை சொன்னேன். நான்காம் தடவை முறைத்தார்.

"உடைஞ்ச எடத்தை பசை போட்டு அடைச்சிருக்கேன். ரெண்டு நாளு தூக்காதீங்க. ஓட்டலாம். தூக்கக் கூடாது."

ஆக இன்னும் இரண்டு நாள் ப.வின் படிக்குக் கீழே. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே பூரிப்பு.

நவ. 20, வியாழன்

அமாவாசை. ப. வீட்டில் சாம்பிராணி. என் அறை வரை புகை. இருமல்.

நாளை மட்டும்தான். சனிக்கிழமை முதல் மாடிக்குத் தூக்கிவிடலாம். அப்புறம் அவள் முகத்தைப் பார்க்கவே தேவையில்லை.

நவ. 22, சனி

இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நேற்றுக் காலை நேரமாகிவிட்டது. படிக்குக் கீழே இருந்து வண்டியை உருட்டிக்கொண்டு போய் ஏறினேன். குனிந்து பார்க்கவில்லை. தூக்கவேண்டிய வேலையும் இல்லை. நாகல்நகர் பக்கம் வேகத்தடை. ஏறி இறங்கியதும் காலுக்குக் கீழே வண்டி அப்படியே செத்துப்போனது. முன்னால் போய் விழுந்தேன். வலது மணிக்கட்டு. எங்கள் லேப் இருக்கும் சென்டரிலேயே எக்ஸ்ரே. மாவுக்கட்டு, ஆறு வாரம். ஊசி பிடிக்க முடியாது. அதுவரை வரவேற்பில் உட்கார்ந்து டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டுமாம்.

விழுந்துகிடந்தபோது அந்தக் கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்து தூக்கிவிட்டான். நல்லவேளை, அப்போது சக்கரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இடக்கை இருந்தது.

இன்று வண்டியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பாய் கடைக்கு. போனதும் கத்தினேன். "அம்புட்டு சொன்னேனே பாய்! ரெக்சின் பொத்தானை அமுக்கிருச்சு. இப்ப என் கையைப் பாருங்க!" பக்கத்து டீக்கடை மொத்தமும் திரும்பியது. பாய் வண்டியைச் சாய்த்து, பிடிக்கு அடியில் விரலை விட்டார். வெளியே இழுத்தார்.

கறுப்புக் கயிறு. அதில் கறுப்புத் துணியில் முடிந்த ஒரு கல். முடிச்சைத் தளர்த்தி முகர்ந்து பார்த்தார்.

"படிகாரம். திருஷ்டிக்குக் கட்டுறது. குலுங்குனதுல எம்பிப்போய் பொத்தான்ல சிக்கியிருக்கு. இது நம்ம வேலை இல்லைம்மா."

தங்கச்சி போய் அம்மா ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். கேட்டது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. கயிற்றை அவிழ்த்து என் இடக்கையில் வைத்துவிட்டு வேறு பையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

நவ. 23, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. போனால் ப.வைக் கொல்ல வேண்டும் என்றுதான் வேண்டியிருப்பேன்.

நேற்று இரவெல்லாம் என்ன கேட்பது என்று ஒத்திகை. காலையில் கீழே போய்க் கயிற்றை அவள் முன்னால் போட்டேன். "இது யாரு கட்டினது?"

மறைப்பாள் என்று நினைத்தேன். இல்லவே இல்லை. "நாந்தேன். அமாவாசை அன்னைக்குக் கட்டினேன். ஊரே உன் வண்டியத்தானே வாயப் பொளந்து பாக்குது? இம்புட்டுக் கண்ணு பட்டா என்னத்துக்கு ஆகும்?"

"என் வண்டியில கட்ட உங்களை யாரு கேட்டா? இதுனாலதான் விழுந்தேன்! என் கை ஒடிஞ்சிருச்சு!"

"கயிறு இருந்ததுனாலதேன் கையோட போச்சு. இல்லைன்னா தலை போயிருக்கும்."

நின்றேன்.   கழுத்தில் சிலுவை போட்டிருக்கிறேன், எனக்கு இது எதற்கு என்று கேட்டேன். "அது உனக்கு. இது வண்டிக்கு" என்றாள். கயிற்றைக் குனிந்து எடுத்து, தட்டி, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கெடுதல் செய்திருந்தால் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். நல்லது செய்தேன் என்கிறாளே. 

போகும்போது இன்னொன்று. "அடுத்த ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீட்டுலருந்து வாராங்க. அதுக்குள்ள இந்த ராட்டினத்தை எடுத்துரணும். படிக்குக் கீழ கிடந்தா என்ன நெனப்பாங்க?"

நவ. 26, புதன்

மழை. டோக்கன் 140. கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேல் விட்டுச் சொறிகிறேன்.

போல்ட் நான்கையும் இடக்கையால் ஸ்பேனர் வைத்து முடுக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. வாஷர் வேலை செய்கிறது. இனி மாதம் முதல் தேதி முடுக்க வேண்டும். காலண்டரில் எழுதியாயிற்று.

யாரை வைத்து மாடிக்குத் தூக்குவது? லேபில் கேட்கலாம். ஏற்கனவே சிரிக்கிறார்கள். பாயிடம் எந்த முகத்தோடு? மிச்சம் இருப்பது ப.தான். அதற்கு வண்டியைக் குளத்தில் போடலாம்.

நானே தூக்கிக்கொள்வேன். இடக்கை இருக்கிறது.

நவ. 29, சனி

காலை பத்து மணி. வெயில். ப. உள்ளே இட்லிக்கு ஆட்டும் சத்தம். சரியான நேரம் என்று இறங்கினேன்.

மொத்தம் இருபத்திரண்டு படி. இடக்கையால் தூக்கி ஒவ்வொரு படியாக வைத்து வைத்து ஏறினேன். பாயின் கைப்பிடி இம்மி அசையவில்லை. அசைந்ததெல்லாம் என் தோள்தான். பதினோராம் படியில் திருப்பம். அங்கே வண்டியைச் சுவரோடு வைத்து முழங்காலால் அண்டை கொடுத்து நின்றேன். அவ்வளவுதான். மேலே தூக்கத் தெம்பில்லை. கீழே இறக்கினால் உருண்டுவிடும். முழங்காலை எடுத்தாலும் உருண்டுவிடும்.

எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. கிரைண்டர் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

கடைசியில் வாயைத் திறந்தேன். "அக்கா. செத்த வந்து பிடிங்க."

"இங்கதேன் நிக்கிறேன்." கீழ்ப்படியில். கையெல்லாம் மாவு.

"எம்புட்டு நேரமா?"

"நீ மூணாம் படி ஏறுறப்பருந்து."

"அப்புறம் ஏன் சும்மா நின்னீங்க?"

"நீ கூப்பிடலையே. கேக்காம உன் வண்டியைத் தொட்டா நீ கத்துவ. அன்னைக்குத்தேன் கத்துனியே."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். "பிடிக்கு அடியில பொத்தான் இருக்கும், அதோட சேத்துப் பிடிங்க" என்றேன். பிடித்தாள். ஒரே கை. பால் கேன் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். ஐம்பத்தெட்டு வயது. "இம்புட்டுத்தானா? இதுக்கா இந்தப் பாடு?"

மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் அறைக்குள் வந்தாள். வண்டியைக் கட்டிலோரம் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். "ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?" எண்ணினாள். நாலு. காலண்டர் ஆணியைத் தொட்டு ஆட்டியும் பார்த்தாள்.

பிறகு இடுப்பிலிருந்து அந்தக் கறுப்புக் கயிற்றை எடுத்தாள். நான் வேண்டாம் என்பதற்குள் உட்கார்ந்து, கைப்பிடியில் இரண்டு சுற்று சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சு.

"இந்தத் தடவை மேல கட்டியிருக்கேன். பொத்தான்ல படாது. பாத்துத்தேன் கட்டினேன்."

போய்விட்டாள். சம்பந்தி வீட்டுக்கு மாவு ஆட்ட வேண்டுமாம். நன்றி சொல்லவில்லை. அவளும் நிற்கவில்லை.

சாயங்காலம் முழுக்க அந்த முடிச்சோடு மல்லுக்கட்டினேன். இடக்கை நகம் ஒன்று போனது. பல்லும் வைத்துப் பார்த்தேன், சாம்பிராணி நாற்றம். ஒரு கையால் அவிழாது.

வெட்டிவிடலாம். கத்தரிக்கோல் கீழே அவளிடம் இருக்கிறது. போய்க் கேட்க வேண்டும்.