வலப்பக்கம் மட்டும் ஒரு தகடு

என் ஏகாம்பரம், என் மாப்பிள்ளையே,

என் தங்கை சரோஜாவை நீ கட்டுவதற்கு முன்பே நாம் சிநேகிதர்கள். அதனால் செத்துப்போன மனிதனுக்குரிய மரியாதை எல்லாம் வைக்காமல், எப்போதும் போல நீ என்றே எழுதுகிறேன். வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உத்திரமேரூரில் நாலு பேர் கேட்க உன் தம்பி முனுசாமியைக் கள்ளன் என்று சொன்னவன் நான். அதைத் திருப்பி வாங்கிக்கொள்வதும் நாலு பேர் படிக்கும்படி இருக்கட்டும்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. உன் பிக்கப் வண்டி ஓடுகிறது. முனுசாமி ஓட்டுகிறான். சரோஜா முன்சீட்டில் உட்கார்ந்து போய், களத்தில் மூட்டை ஏற்றுவதைக் கவனித்துக்கொள்கிறாள். நீ இருந்திருந்தால் அவளைப் போக விட்டிருப்பாயா?

அந்த வண்டியை நீ என் பட்டறைக்கு ஓட்டிவந்த நாள் நினைவிருக்கிறதா? யுத்த காலத்து வண்டி, ஏலத்தில் எடுத்தது, பின்தட்டு நெஞ்சுயரத்துக்கு நின்றது. “மச்சான், பொம்பளைங்க நெல்லு மூட்டைய நெஞ்சு ஒயரத்துக்குத் தூக்கிக்கினு கஷ்டப்படுறாங்க. பின்னாடி கொஞ்சம் எறக்கிக் குடு” என்றாய். லாரிக்காரன் எவனும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதில் உனக்கு என்ன லாபம் என்று அன்றைக்கே நான் யோசித்தேன். என் புத்தி அப்படி. பால்காரி ஊற்றிய பாலைச் சுவரில் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பவன் நான். சி.ஐ.டி. மச்சான் என்று எனக்குப் பேர் வைத்தவனே நீதானே.

வேலையை நான்தான் செய்தேன். ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில் இருந்த ஆக்சிலைக் கழற்றி, பட்டைகளுக்கு மேலே ஏற்றி உட்கார வைத்தேன். வண்டி ஒரு சாணுக்கு மேல் இறங்கியது. ஆக்சில் பட்டையில் உட்காருவதற்குப் புதிதாக இரண்டு திண்டு பற்றவைக்க வேண்டியிருந்தது. முன்னால் இருக்கும் பட்டை ஆணியிலிருந்து ஆக்சில் வரைக்கும் இரண்டு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் ஒரு பக்கம் பார்த்து ஓடும். இரும்பு அளவுகோலை நான் நம்புவதில்லை. கடைக்காரன் எந்த அளவுகோலைக் கொடுத்தானோ, யார் கண்டது? தறிக்காரர் வீட்டில் முறுக்கு நூல் வாங்கிவந்து, முடிச்சுப் போட்டு அளந்தேன். காலையில் இடப்பக்கம். மத்தியானம் வலப்பக்கம்.

நாலு நாள் ஓட்டிவிட்டு வந்து, “வண்டி நண்டு மாரி ஒரு பக்கமா போவுது மச்சான்” என்றாய். நான் என்ன சொன்னேன்? “ஓட்டத் தெரியாதவன் பேச்சு” என்றேன். மூன்று நாள் உன் வீட்டில் கை நனைக்கவில்லை. பத்து நாள் கழித்து நீயே வந்தாய். “பஷ்டா, நேரா போவுது மச்சான். என் கைதான் பழகல” என்று சிரித்தாய். நானும் ஒப்புக்கொண்டு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு என் பட்டறைக்கு வரும்போதெல்லாம் வண்டியின் வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்த ஆரம்பித்தாய். அதற்கும் எனக்குச் சந்தேகம். எண்ணெய் ஒழுகுகிறது, என்னிடம் மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் முனுசாமி வண்டியைக் கிரீஸ் போடக் கொண்டுவந்தான். குழியில் இறங்கிப் பார்த்தேன். வலப்பக்கம் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் நான் வைக்காத ஒரு தகடு. கருப்புப் பெயிண்ட் அடித்து, மேலே கிரீஸும் அப்பியிருந்தது. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. கழற்றிப் பார்த்தால், ஆக்சில் திண்டில் நுழைய மேலே ஒரு முளை, பட்டையில் நுழையக் கீழே ஒரு முளை, இரண்டும் நேருக்கு நேர் இல்லாமல் அரை விரல் தள்ளி. ஆக்சிலை வேண்டுமென்றே பின்னால் தள்ளி வைத்திருக்கிறான் எவனோ.

வண்டி கெட்டுப்போனால் சரோஜா சலித்துப்போய் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவாள், தம்பிக்காரன் வாங்கிக்கொள்வான் என்று நானாகவே ஒரு கதை கட்டினேன். டீக்கடை வாசலில் அவன் சட்டையைப் பிடித்து, கள்ளன் என்று கத்தினேன்.

“சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே. அண்ணன் குடுத்த மாரியேதான் ஓட்டிக்கினு கீறேன்” என்றான்.

“அண்ணன் மேல பழி போடுறியா?” என்றேன். அவன் அறுந்து விழுந்த பித்தான்களைப் பொறுக்கக் குனிந்தான். குனிந்ததையும் குற்றத்தில் சேர்த்துக்கொண்டேன்.

தகட்டை மூலையில் எறிந்தேன். நான் முதலில் வைத்தது போலவே ஆக்சிலை உட்கார வைத்து முறுக்கினேன். “இப்பதான் வண்டி சரியா கீது. தைரியமா போம்மா” என்று என் தங்கையை நானே கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

சாலவாக்கம் போகிற வழியில் ஏரிக்கரை வளைவு. பின்னால் முப்பது மூட்டை, மூட்டை மேல் ஐந்து பெண்கள். முனுசாமி வளைத்தான், வண்டியின் பின்பக்கம் வளையாமல் ஏரிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு பின்சக்கரம் கரையை விட்டு இறங்கியது. அங்கிருந்த பனைமரம் தடுத்ததால் வண்டி நின்றது. ஏழு மூட்டை தண்ணீரில் விழுந்தது. ஒரு பெண்ணுக்குக் கை பிசகியது. சரோஜாவுக்கு நெற்றியில் காயம். உயிர் யாருக்கும் போகவில்லை, ஏகாம்பரம். முதலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும், உன்னைத் தவிக்கவிட்டேன்.

சரோஜா நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றாள். “அவுரு இருந்த வரைக்கும் வண்டி ஒழுங்கா போச்சு. நீ கை வச்ச அன்னைக்கே இப்டி ஆவுது. இன்னா பண்ணண்ணே?” என்றாள். உள்ளே வரவில்லை. பெண்கள் யாரும் இனி அந்த வண்டியில் ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நீ யாருக்காக வண்டியை இறக்கினாயோ அவர்களே.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தகட்டைத் தேடியெடுத்து மண்ணெண்ணெயில் கழுவினேன். பெயிண்ட் உரிந்ததும் ஓரத்தில் உளியால் வெட்டிய சின்னச் சிலுவை தெரிந்தது. செங்கல்பட்டில் பட்டறை வைத்திருக்கிற சவரிமுத்து தன் வேலையில் எல்லாம் போடுகிற குறி. தொழில் போட்டியில் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே சண்டைக்குப் போனேன்.

சவரிமுத்து தகட்டைக் கையில் வாங்கித் துடைத்தார். “இது ஏகாம்பரம் சொல்லி நான் செஞ்சது. ஆக்சில் ஒரு பக்கம் அரை விரல் முன்னாடி கீதுன்னு கண்டுபுடிச்சோம். திண்டை வெட்டி மறுபடி வச்சிரலாம்னேன். வாணாம்னுட்டாரு. ‘மச்சான் பத்தவச்சதுல கை வக்காத. அவுரு கண்ணுல படாத மாரி எதனா பண்ணு, பாத்தா மனசு ஒடஞ்சிடுவாரு’ன்னாரு. அதான் கருப்பு அடிச்சுக் குடுத்தேன்.”

சண்டைக்குப் போன எனக்கு அவர் தண்ணீர் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் அந்தப் பழைய நூலைத் தேடி எடுத்தேன். தறிக்காரர் வீட்டு அம்மாளிடம் நடந்ததைச் சொல்லிக் காட்டினேன். “நனைஞ்ச நூல்ல அளந்தியா? முறுக்கு நூலு தண்ணி பட்டா சுருங்கிடுமேப்பா” என்றார். நான் திண்டு பற்றவைத்த அன்று மத்தியானம் ஒரு தூறல் போட்டது. நூல் வாசலில் கிடந்தது. இரும்பைச் சந்தேகப்பட்டவன் நூலை நம்பினேன். பாலையும் உன் தம்பியையும் சவரிமுத்துவையும் சந்தேகப்பட்ட நான், என் கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

ஆனால் உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. முகத்துக்கு நேரே “உன் வேலை தப்புடா” என்று சொல்லியிருக்கக் கூடாதா? நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே? என் மனசு உடையும் என்று நீ ஒளித்து வைத்தது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் சரோஜாவை ஏரியில் தள்ளியிருக்கும். அப்படிச் சொல்ல முடியாத மனிதனாக நான் இருந்தேனா? இருந்தேன் போலிருக்கிறது.

முனுசாமியிடம் போனேன். “தப்பு என்னுதுப்பா” என்றேன். “சட்டைல ரெண்டு பித்தான் போச்சு, அத தெச்சுக் குடுண்ணே, போதும்” என்றான். சரோஜாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “சவரிமுத்து சொன்னது நெசமான்னு நீ சந்தேகப்படலியா?” என்றாள்.

“காஞ்ச நூல் வச்சு அளந்து பாத்துட்டேன். நெசந்தான்” என்றேன்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதாள். நானும்தான்.

நேற்று தகட்டைத் திரும்ப மாட்டினேன். திண்டை வெட்டிச் சரி செய்ய எனக்கும் இப்போது தெரியும். ஆனால் செய்யமாட்டேன். மிச்சமிருந்த கருப்பையும் சுரண்டிவிட்டுச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். இன்று காலை ஏரிக்கரை வளைவில் வண்டி போனபோது, பின்னால் சோதனைக்கு ஏற்றிய மூட்டை மேல் நான் உட்கார்ந்திருந்தேன். வண்டி நேராகப் போனது. சாலவாக்கம் களத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கை பிசகிய அந்தப் பெண்தான் முதலில் ஏறினாள்.

இனி என் பட்டறையில் அந்த வண்டி வலப்பக்கம் தெருவுக்குத் தெரிகிற மாதிரித்தான் நிற்கும். ஒரு பக்கம் மட்டும் ஏன் தகடு என்று எவன் கேட்டாலும், என் தப்பு அரை விரல், அதை என் மாப்பிள்ளை தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று சொல்லுவேன். இது சத்தியம். இதை மட்டும் நீ சந்தேகப்படாதே.

சரோஜாவின் அண்ணன்,
உன் சி.ஐ.டி. மச்சான்
தணிகாசலம்