தள்ளி வைத்த வீடு

17 மே 2022
இன்று கரைவலை இழுக்க எங்கள் குடும்பத்தின் முறை. விடியக் கடற்கரைக்குப் போனால் அங்கே தர்மசீலனின் வலை கிடக்கிறது. மீன்பிடிச் சங்கத் தலைவர் அல்லவா! எந்த வலைக்கு எந்த நாள் என்று முன்னோர் வைத்த முறையைத்தான் நாங்கள் பாடு என்கிறோம். இந்த மனுசன் வந்த பிறகு பாடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் புரட்சி படிப்பித்தேன். கொஞ்சம் கத்திவிட்டேன் போல. பிள்ளைகள் மிரண்டுபோய்ப் பார்த்தன.

20 மே
சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். "வாத்தியார், உந்தக் கதையெல்லாம் வகுப்பில வைச்சுக்கொள்ளுங்கோ" என்றார் தர்மசீலன். ஒரே சிரிப்பு. நான் விடவில்லை. கடைசியில் எங்கள் வீட்டைத் தள்ளி வைத்தார்கள். ஒருவரும் எங்களோடு கதைக்கக் கூடாது, நன்மை தீமைக்கு வரக் கூடாது. வந்தால் அந்த வீடும் தள்ளி. எல்லாரும் கை தூக்கினார்கள். என்னோடு ஒன்றாகப் படித்த வேலனும்.

8 ஜூன்
அம்மா போய்விட்டா.

9 ஜூன்
பந்தல் போட ஆளில்லை. பாடை தூக்க ஆளில்லை. எங்கள் மீனுக்கு ஐஸ் கொண்டுவரும் முஸ்லிம் லொறிக்காரர் ஆதம்பாவா கிண்ணியாவிலிருந்து தம்பிமாரோடு வந்தார். "உங்கட முறை எங்களுக்குத் தெரியாது சேர். சொல்லுங்க, செய்யிறம்." அவர்கள் தோளில்தான் அம்மா போனா. ஊர் வேலிக்குள் நின்று பார்த்தது. நாய்ப்பிறவிகள்!

பெண்களில் வந்தது ஒரே ஒருத்தி. கனகம்மா, தர்மசீலனின் மனைவி. பின்பக்க வேலிப் படலையால் வந்து, அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்த என் மனைவி ஞானமணிக்குக் கை கொடுத்தா. பின்னேரம் அவவுக்கு அடி விழுந்தது. கத்தின சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது.

10 ஜூலை
கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்துவிட்டது. ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மண்ணெண்ணெய் வரிசையில் வேலன் பக்கத்தில் வந்து, "டேய், இஞ்சயும் செய்வமா?" என்றான். இத்தனை நாளுக்குப் பிறகு என்னோடு ஒருவன் வாய் திறந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

17 ஜூலை
செய்துபோட்டம்! பாடு பறிபோன வலைக்காரர் எல்லாம் சேர்ந்து, தர்மசீலனைச் சங்கக் கட்டிடத்திலிருந்து, இருந்த கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் வெளியே மணலில் வைத்தோம். ஒரு அடி அடிக்கவில்லை. தலைவர் நான். நான் கேட்கவில்லை, சனம்தான் கேட்டது. முதல் தீர்மானம், பாடு பழைய முறைப்படி. அடுத்தது, தர்மசீலன் வீடு தள்ளி. எல்லாக் கையும் எழும்பியது. அடடா, என்ன ஒற்றுமை!

18 ஜூலை
"அவர் செய்ததை நீங்களும் செய்யிறதோ?" என்கிறாள் ஞானமணி. அவர் செய்தது அநியாயம், இது பாதுகாப்பு. எதிரியைச் சும்மா விட்டால் திரும்பி வருவான். சரித்திரம் படித்தவனுக்குத் தெரியும். இவளுக்கு எங்கே விளங்கப்போகிறது?

3 ஓகஸ்ட்
வேலன் அந்த வீட்டுக்கு மீன் கொடுத்தானாம். அவனும் தள்ளி. கூட்டத்தில் அழுதான். அழட்டும்.

11 செப்டம்பர்
கனகம்மா செத்துப்போனா. சீனி வருத்தம் கூடி மயங்கிவிட்டாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு ஓட்டோவும் வரவில்லையாம். ஓட்டோவில் ஏற்றக் கூடாதென்று நான் சொன்னேனா? கதைக்கக் கூடாது, நன்மை தீமைக்குப் போகக் கூடாது, அவ்வளவுதானே சொன்னேன்? மடையன்கள்.

பின்னேரம் தர்மசீலன் எங்கள் படலையில் வந்து நின்றான். "வாத்தியார், தூக்குறதுக்கு மட்டும் நாலு பேரை விடுங்கோ." கும்பிட்டான். நான் உள்ளே திரும்பி நடந்தேன். தள்ளி வைத்தவனோடு எப்படிக் கதைக்கிறது?

ஞானமணி சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.
"மாமியைக் குளிப்பாட்டின கை அது. நான் போறன்."
"போனா என்ன நடக்கும் எண்டு தெரியும்தானே?"
"ஓம். தெரிஞ்சுதான் போறன்."
போய்விட்டாள். முன்பக்கப் படலையால், ஊர் பார்க்க.

12 செப்டம்பர்
கூட்டத்தில் எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். பெண்சாதி என்று விட்டால் நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? நானே தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். வீடு முழுவதும் தள்ளி என்றால் தலைவர் வேலை நடக்காது, ஆகவே ஞானமணி மட்டும். கை தட்டினார்கள்.

15 செப்டம்பர்
சோறு வைத்தாள். குழம்பில் உப்பில்லை. சொல்ல ஏலாது.

18 செப்டம்பர்
காலையில் ஞானமணி சூட்கேசில் துணி அடுக்கினாள். வெருகலில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போகத்தான் போல. எங்கே போறீர் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நின்றிருப்பாள். சத்தியமாக நின்றிருப்பாள். வாசலில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகும் நின்றாள்.

படலையடியில் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், நான் கதைக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். காவலுக்கு ஆள் போட்டதும் நான்தான்.

பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தேன். கொஞ்ச நேரத்தில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது, பிறகு போன சத்தம்.