நம் குடும்பத்துக் கணையம்

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அந்தச் சொல்லை நம் வீட்டில் எதற்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறோம் என்று இப்போது தெரிந்துவிட்டதால், இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் பெண் குட்டி எப்படி இருக்கிறாள்? கடைசிக் கேள்வியை மரியாதைக்காகக் கேட்கவில்லை.

தம்பியின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அவனுடைய கணையம் கெட்டதற்குக் குடி காரணமில்லை, மரபணுக் கோளாறு. பிறக்கும்போதே கொண்டுவந்திருக்கிறான். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குப் பிடிக்காத செய்தி வரும்போதெல்லாம் லைனில் வேறு யாராவது காத்திருக்கிறார்கள் என்பதால் எழுத வேண்டியதாயிற்று.

டாக்டர் அம்மா விளக்கியதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். கணையத்தில் சுரக்கும் செரிமான நீர், குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். தம்பிக்கு அது கணையத்துக்குள்ளேயே விழித்துவிடுகிறது. எதிரில் சாப்பாடு இல்லாததால், குடியிருக்கிற வீட்டையே தின்ன ஆரம்பிக்கிறது. இப்படிப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் இளம் வயதுக்காரர். நம் குடும்பத்தோடு பழக்கமில்லாதவர்.

அவர் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, வலி முதலில் எந்த வயதில் வந்தது என்பது. ஒன்பது வயதில் என்றான். அப்போது தினமும் எவ்வளவு குடிப்பீர்கள் என்று முகம் மாறாமல் கேட்டார். தம்பி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஊசி கழன்றுவிட்டது. இத்தனை வருடத்தில் எந்த டாக்டரும் இதைக் கேட்கவில்லை. கேட்க நீங்கள் விட்டதில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள், "நாடகத்துக்கு லைட் போடுறவன் டாக்டர், மிச்சத்தை நான் சொல்லணுமா" என்று கண்ணைச் சிமிட்டுவீர்கள். டாக்டரும் பதிலுக்குச் சிமிட்டுவார். இரண்டு சிமிட்டலில் நோய் முடிவாகிவிடும்.

அவனை நீங்கள் மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்த கதையையும் டாக்டர் அம்மாவிடம் சொன்னோம். நான் குடிப்பதில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, அப்படிச் சொல்வதே நோயின் முதல் அறிகுறி என்று அங்கிருந்த மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார். குடித்ததை ஒப்புக்கொண்டவர்களுக்கு மாலையில் தோட்டத்தில் உலாவ அனுமதி. ஒப்புக்கொள்ளாதவனுக்கு ஜன்னலில்லாத அறை. கடைசியில் தம்பியும் ஒப்புக்கொண்டான். எந்தச் சரக்கு என்று கேட்டார்களாம். பெயர் எதுவும் தெரியாமல், பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டுச் சொல்லியிருக்கிறான். அந்த மனிதர் தன்னிடமிருந்த நல்ல பெயராகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். குடிக்காமலேயே குடியை விட்டவன் என்று ஒருவனை உருவாக்கிய பெருமை உங்களைச் சேரும். அவன் திருந்திவிட்டதாக உறவு முழுக்கப் போன் போட்டுச் சொன்னீர்கள். மறுபடி வலி வந்தபோது, மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்றும் நீங்களே சொன்னீர்கள்.

இந்தக் கோளாறு அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது. நம் அம்மாவுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, அவருக்கு இல்லை. அப்பா கடைசிவரை மதுவிலக்குச் சங்கத்தின் தலைவராக இருந்தார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பதவியில் இருந்துகொண்டே, கணையத்துக்கு அவர் எப்படி வலி வரவழைத்துக்கொண்டார் என்பதற்கு உங்களிடம் ஏதாவது விளக்கம் இருக்கலாம். சாப்பிட்டதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முழங்கால் மேல் கவிழ்ந்து உட்காருவாரே. அப்பா யோசனையில் இருக்கிறார் என்று நாம் எல்லோரும் நுனிக்காலில் நடந்தோம். மனிதர் வலியில் துடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நாம் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டோம்.

இனி எழுதப்போவதுதான் விஷயம். நானும் பார்த்துக்கொண்டேன். எனக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது. ஆனால் இன்றுவரை ஒரு வயிற்றுவலி கிடையாது. சிலருக்கு அப்படித்தான், சும்மா சுமந்துகொண்டு போவார்களாம். சுமக்கிறவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே நீங்கள் கல்லைத் தின்று செரிப்பவர் என்பது எதற்கும் சான்றில்லை. நான் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பார்க்கிறவள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை என்று எழுதுகிறவர்களைப் பார்த்துத்தான் என் காலம் ஓடுகிறது.

குட்டி என்னிடம் பேசினாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேல்வயிற்றில் பிடித்து, முதுகுக்குக் குத்திக்கொண்டு போகிறதாம். முன்னால் குனிந்தால் கொஞ்சம் தேவலாமாம். அண்ணி பரீட்சைப் பயம் என்கிறாராம். நீங்கள், ஒல்லியாக ஆசைப்பட்டுப் பட்டினி கிடக்கிறாள் என்கிறீர்களாம். "அத்தை, எனக்குப் பசிக்குது, ஆனா சாப்பிடப் பயமா இருக்கு" என்றாள். அவளை ஒரு கணைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடும்பத்தில் இன்னது இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள். நீங்களும் ஒரு சொட்டு ரத்தம் கொடுங்கள்.

இந்தக் கோளாறைத் திருத்த மருந்து இல்லை. ஆனால் தெரிந்துகொண்டால் கணையத்தைக் காப்பாற்றிக்கொண்டு போகலாம். புகையும் மதுவும் கிட்டே வரக் கூடாது, கொழுப்பைக் குறைக்க வேண்டும், டாக்டர் கண்காணிப்பில் இருக்க வேண்டும். தம்பிக்கு இவையெல்லாம் கணையம் முழுக்கக் கல் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. இப்போது சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டோடு மாத்திரை விழுங்கினால்தான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டும். போன வாரம் ஏணியில் ஏறி ஒரு விளக்கைத் திருப்பினானாம், அதைப் பெரிய செய்தியாக வந்து சொன்னான்.

பதில் எதிர்பார்க்கும்
தங்கை


மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. அலுவலகச் சுற்றறிக்கை போலச் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்தது.

நம் பரம்பரையில் அப்படி எதுவும் கிடையாது, வந்திருந்தால் அம்மா வழியில் வந்திருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு இல்லை என்று நான் எழுதிய வரி உங்கள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அம்மாவிடம் உங்கள் கருத்தைப் படித்துக் காட்டினேன். "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், பந்து போட்டு ஜன்னலை உடைச்சாலும் ஜன்னல்மேல தப்பும்பான்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைப் படிக்கப் போய்விட்டார்.

தம்பி பெரியவர்களுக்குப் பதில் சொல்லும் வகையில் வாழவில்லை என்பது வேறு விஷயம் என்கிறீர்கள். அவன் குடித்தான் என்றீர்கள், குடிக்கவில்லை என்று ஆனது. இப்போது வேறு விஷயம். குற்றம் போன பிறகும் தண்டனை மட்டும் இருக்கட்டும் என்கிற இந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் வாய்க்காது. நீங்கள் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. உங்களை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நாளை குட்டிக்கு ஒரு சம்பந்தம் பேச வேண்டாமா, இந்த ஜீன் சமாச்சாரம் வெளியே போனால் யார் வருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பிஸ்கட் ஆலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி நீங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்காமல் ஒரு பெட்டியைக்கூட வாசலைத் தாண்ட விடமாட்டீர்கள் என்று அண்ணி பெருமையாகச் சொல்வார். பெற்ற பெண்ணை மட்டும் சோதிக்காமல் அனுப்பிவிடலாம் என்கிறீர்கள். பிஸ்கட்டுக்கு வாய் இருந்தால் உங்கள் பெண்ணைவிடக் கொஞ்சம் நன்றியோடு உங்களிடம் பேசும்.

இதெல்லாம் உங்கள் சுபாவம் என்று விட்டுவிடுவேன். ஆனால் நேற்று குட்டி அழுதுகொண்டே பேசினாள். கல்லூரியிலிருந்து வாந்தியோடு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "ஊதுடி பார்ப்போம்" என்று வாயை முகர்ந்து பார்த்தீர்களாம். "எங்க போய்க் குடிச்சிட்டு வந்தே, சித்தப்பா புத்தி வந்திருச்சா" என்று கேட்டீர்களாம். ஒன்றும் வாடை இல்லை என்றதும், வாடை வராததைக் குடித்திருப்பாள் என்றீர்களாம். அண்ணா, இந்த இடத்தில் கேலி செய்ய எனக்கு வரவில்லை. கேலி செய்ய ஒன்றுமே மிச்சம் வைக்காமல் நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள்.

அவளுக்கு வயது வந்துவிட்டது. பரிசோதனைக்குக் கையெழுத்தை அவளே போடலாம், உங்கள் கையெழுத்து தேவையில்லை. டிக்கெட் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை இங்கே வருகிறாள். தம்பி தன் அறையை ஒழித்து, ஜன்னல் பக்கக் கட்டிலை அவளுக்கு விட்டிருக்கிறான். எப்படிப் படுத்தால் வலி குறையும் என்று தெரிந்தவன் இந்த வீட்டில் அவன் ஒருவன்தான். டாக்டர் அம்மா திங்கட்கிழமை பார்க்கிறார். அவளுக்கு இல்லை என்று முடிவு வந்தால் உங்கள் பரம்பரையின் புகழை நானே நாலு பேரிடம் சொல்கிறேன். இருக்கிறது என்று வந்தால், தம்பி இழந்ததையெல்லாம் இவள் இழக்காமல் பார்த்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

உங்களை வரச் சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது வழியில் நிற்காமல் இருந்தால் போதும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை என்பதால் எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரை அவள் உங்கள் வீட்டில்தான் இருக்கப்போகிறாள். அதற்குள் வலி வரும். வந்து, "அப்பா, வலிக்குது" என்று சொன்னால், என்ன செய்தாய் என்று கேட்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.

அவளுக்கு என் ஆசிகள்.

தங்கை