கார்கள் நிற்கும் தெரு

மார்ச் 4

இன்றிலிருந்து கடைவீதிக்குள் கார் போகக் கூடாது. தடுப்புக் கட்டையை எங்கள் தெரு முனையில்தான் வைத்திருக்கிறார்கள். நாலு வீடு தள்ளிப் போகவும் கார் எடுக்கிற என் வீட்டுக்காரர், அலுவலகம் உள்ளே இருப்பதால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து போனார்.

மார்ச் 19

சைக்கிள் வாங்கிவிட்டார்! ஏறி உட்கார்ந்தால் தொப்பை முட்டியில் இடிக்கிறது. சிரித்தேன். "சிரி, சிரி. உள்ள வந்து பாரு, ரோடே நமக்குத்தான்" என்றார்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பள்ளிப் பிள்ளைகள், கூடையில் காய்கறியோடு பெண்கள், டை கட்டிய ஆபீஸ்காரர்கள் எல்லாரும் சைக்கிளில். ஹாரன் சத்தமே இல்லை. காரை நிறுத்தினால் மட்டும் யார் சைக்கிள் ஓட்டப் போகிறார்கள் என்று வாய் கிழியப் பேசியவள் நான். இப்போது வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

ஏப்ரல் 8

உள்ளே போக முடியாத கார்கள் எங்கே போகும்? இங்கேதான். தெருவின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. நடுவில் மிஞ்சிய இடத்தில்தான் சைக்கிள்கள் போக வேண்டும்.

ஏப்ரல் 15

மாடியில் வீடு, கீழே நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை. இன்றும் சைக்கிள்காரர் ஒருவர் முழங்கை உரிந்து வந்தார். காரில் இருந்தவன் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்திருக்கிறான். பஞ்சும் பிளாஸ்திரியும் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முதலாளிக்கு நல்ல வியாபாரம். என் வீட்டுக்காரரும் தினமும் இந்த வழியாகத்தான் வருகிறார்.

ஏப்ரல் 16

கார்க் கதவு திறக்கிற சத்தம் மாடி வரை கேட்கிறது.

மே 2

சண்டை. சைக்கிளை விடச் சொன்னேன். மாட்டாராம். "இத்தன வருஷத்துல இப்பத்தான் நிம்மதியா மூச்சு விடுறேன்" என்கிறார். கத்திவிட்டேன் — எவனோ கதவத் தொறந்தா என்ன பண்ணுவீங்க, நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?

சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மே 20

அவர் வருகிற நேரமானால் ஜன்னலை விட்டு நகர மாட்டேன். நிற்கிற ஒவ்வொரு காரிலும் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பார்க்காமல் கதவு திறக்கிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். அப்படி என்ன அவசரம்?

ஜூன் 6

தம்பி என்னைக் காரில் கொண்டுவந்து விட்டான். இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி, கடைசியில் வீட்டுக்கு எதிரே நிறுத்தினான். அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தேன் — அவர் பத்திரமாக வந்துவிட்டாரா, விளக்கு எரிகிறதா? எரிந்தது. பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

ஒரு பெண். கல்லூரி வயது. சைக்கிள் புதுசு.

எழுத முடியவில்லை.

ஜூன் 7

ஆஸ்பத்திரி. நேற்று தம்பி காரிலேயே அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தோம். "ரோட்டுல கிடந்தா, கொண்டு வந்தோம்" என்று தம்பிதான் சொன்னான். "அக்கா, நீ எதுவும் பேசாத" என்று என் காதில் சொன்னான். நான் பேசவில்லை. ஏன் பேசவில்லை? அவன் போய்விட்டான். என்னால் போக முடியவில்லை.

அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உள்ள கார் வராதுன்னாங்களே, அந்தத் தைரியத்துலதான் சைக்கிள் வாங்கிக் குடுத்தேன். நீங்க மட்டும் அந்தப் பக்கம் வரலன்னா..."

மயக்கம் தெளிந்து மாலைக்குள் பேசிவிடுவாள் என்கிறார் டாக்டர். என் முகத்தை அவள் பார்த்திருக்கிறாள். அவள் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும். அந்த அம்மா வந்தவுடனே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் சேர்த்து டீ வாங்கப் போயிருக்கிறார்.