கார்த்திகேசு தலையில் உன் தொப்பி

சேசு மரி சூசை

புந்தோங், ஈப்போ
26-11-1978

மகன் ஸ்டானிஸ்லாஸுக்கு, உன் அப்பா பாஸ்கல் தன் சொந்தக் கையால் எழுதுவது.

மேலே உள்ள வரியை இன்னொரு தடவை படி. சொந்தக் கை. உன் அக்கா ரோசரி எழுதவில்லை, கோயில் உபதேசியார் எழுதவில்லை. யூனியன் மண்டபத்தில் முதியோருக்கு நடக்கும் சாயங்கால வகுப்பில் ஜனவரியிலிருந்து படிக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, கற்று முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்தேன். எனக்குப் பக்கத்தில் உட்காரும் கருப்பம்மாள் எழுதினால் கோழி கிளறியது போல இருக்கும். என் எழுத்து அப்படி இல்லை, நீயே பார். ஒரு பக்கம் எழுத இரண்டு தடவை காப்பி குடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஐயோ, என்ன சந்தோஷம்! பஸ்ஸில் போகும்போது கடைப் பலகையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். ரோசரி என்னோடு பஸ் ஏற வெட்கப்படுகிறாள்.

சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய கடிதத்தையும் நானே படித்தேன். ரோசரி கை நீட்டினாள், கொடுக்கவில்லை. கப்பல் பட்டறையில் வேலை கிடைத்ததையும், அறையில் நான்கு பேர் தங்கியிருப்பதையும் படித்தேன். கடைசியில் நீ ஒன்று கேட்டிருந்தாய். கோல் கீப்பர் ஜெயபாலன் வீட்டார் கோபம் ஆறிவிட்டதா, கிறிஸ்மஸுக்கு நான் வீட்டுக்கு வரலாமா என்று. அதற்குப் பதில்தான் இது. இன்னொருவர் கையை இரவல் வாங்கி எழுதக்கூடிய பதில் இல்லை. மெதுவாகப் படி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

நீ எங்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. தஞ்சோங் மாலிமில் பந்தாட்டத்தில் தோற்றுவிட்டோம், மனசு சரியில்லை, கோலாலம்பூர் போய் வருகிறேன் என்றாய். திங்கட்கிழமை மத்தியானமே கல்லூரியில் உன்னை கோச் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வழக்கம்போல சைக்கிளை மிதித்துக்கொண்டு திடலுக்குப் போனேன். தூரத்திலேயே உன் தொப்பி தெரிந்தது. எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது வெள்ளைக்கார துரை விட்டுப்போன அந்தத் தக்கைத் தொப்பி. ஈப்போவில் வேறு யார் தலையில் அது இருக்கும்? மகன் திரும்பி வந்துவிட்டான் என்று வேகமாக மிதித்தேன்.

கிட்டே போனால் தொப்பிக்குக் கீழே வேறு முகம். குட்டை ஆள், கண்ணாடி, கொஞ்சம் தொந்தி. யார் நீங்கள் என்றேன். "கார்த்திகேசுங்க. சித்தியவான்ல வாத்தியாரு. இன்னிக்கித்தான் கோச்சா வந்தேன். ஐயா யாரு?" என்றார். உங்கள் தலையில் இருக்கும் தொப்பிக்குச் சொந்தக்காரனின் அப்பன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வெயில் லா, ஐயா. ஸ்டோர் ரூம்ல ஆணியில தொங்குச்சு. என் மண்டையப் பாருங்க, மருந்துக்கு ஒரு முடி கிடையாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தொப்பியைப் பிடுங்கக் கை நீட்டினேன். அப்போதுதான் லாரி திடலுக்குள் நுழைந்தது. கோல் கம்பத்தை உரசிக்கொண்டு வந்து நின்றது.

ஆயர் தாவாரிலிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரி. இறங்கியவன் ஜெயபாலனின் பெரிய அண்ணன் பத்துமலை. அவனோடு இரண்டு தம்பிகள். தஞ்சோங் மாலிமில் அடிபட்ட ஜெயபாலனுக்கு இடது காது இனி கேட்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அன்று காலையில்தான் எஸ்டேட் ஆபீசுக்குப் போன் மூலம் போயிருக்கிறது. அவர்கள் உன் முகத்தைப் பார்த்தவர்கள் இல்லை. தொப்பிக்கார கோச், தொப்பிக்கார கோச் என்று நான்கு வருடமாகத் தம்பி சொல்லிக் கேட்டவர்கள், அவ்வளவுதான்.

ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்துமலை கையில் சைக்கிள் செயின். முதல் வீச்சு கார்த்திகேசுவின் முதுகில் விழுந்தது. சட்டை கிழிந்து, சட்டைக்குள் தோலும் கிழிந்தது. அடுத்தது தலையில். தொப்பியில் ஓட்டை விழுந்து தக்கை துண்டு துண்டாகப் பறந்தது. துரையின் தொப்பி இல்லாவிட்டால் அன்றைக்கு அந்த மண்டை பிளந்திருக்கும். அவர் விழுந்தார். கண்ணாடியை மிதித்தார்கள். இடுப்பில் உதைத்தார்கள். சின்னவன் ஒருவன், குலையைக் குத்தி லாரியில் ஏற்றும் இரும்புக் கம்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அடித்தான்.

நான் சும்மா நின்றேன் என்று நினைக்காதே. காற்றடிக்கிற பம்பை சைக்கிளிலிருந்து உருவி அந்தச் சின்னவனின் முழங்காலில் ஒரு போடு போட்டேன். நல்ல போடு, மகனே. நொண்டினான். பிறகு என் முகத்தில் ஒரு குத்து விட்டு வாய்க்காலில் தள்ளினான். இரண்டு பல் போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்த பற்கள்தான், போகட்டும். வாய்க்காலில் கிடந்தபடியே கத்தினேன். "டேய், அது என் மகன் இல்லடா! என் மகன் இல்லடா!" எத்தனை தடவை கத்தினேனோ. பத்துமலை திரும்பிப் பார்த்து, "பெத்த அப்பனே பிள்ளைய இல்லேங்கிறான் பாருங்கடா. நல்ல குடும்பம்!" என்று காறித் துப்பிவிட்டு மறுபடி செயினை ஓங்கினான்.

"அது நான் இல்லை" என்று கார்த்திகேசு சொல்லவில்லை. கீழே சுருண்டு கிடந்தார், வாயைத் திறக்கவில்லை. அதை நான் பார்த்தேன்.

ஜெயபாலன் ஹாஸ்டலில் படுத்திருந்தான். என் சத்தம் கேட்டுக் கட்டுப் போட்ட தலையோடு ஓடிவந்தான். ஆனால் திடலுக்கு வராமல் முதலில் கண்டீன் பக்கம் ஓடினான். ஒரு காது போனவனுக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாதாம். எனக்கும் அதுவரை தெரியாது. அங்கே ஓடி, சுற்றிப் பார்த்து, திரும்பி ஓடிவருவதற்குள் கம்பி இறங்கிவிட்டது. முகத்தை மறைக்கத் தூக்கிய கை முறிந்த சத்தம் வாய்க்கால் வரை கேட்டது. காய்ந்த ரப்பர்க் கிளை முறிகிற சத்தம்.

அதற்குப் பிறகுதான் பிள்ளை வந்து அவர் மேல் விழுந்தான். "அண்ணே, இவரு இல்லண்ணே! இவரு இன்னிக்கித்தான் வந்தாருண்ணே!" என்று கதறினான். பத்துமலை கையிலிருந்து செயின் நழுவியது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்து, "அப்ப ஏன்யா சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கத்தினான். கார்த்திகேசு ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். "பெரியவரு மகன்னு ஒரு வார்த்தைய விட்டுட்டாரு. நான் அவன் இல்லேன்னு சொன்னா, அவன் எங்கன்னு அவரத்தான் புடிப்பீங்க. முகம் தெரியாத என்னையே இந்தப் போடு போடறீங்க, அவரு தாங்குவாரா?"

மகனே, அவருக்கு என்னைத் தெரிந்தது பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடமும் நான் அவரோடு தொப்பிக்குச் சண்டை போட்டேன்.

பத்துமலையே அவரைத் தூக்கி லாரியில் வைத்தான். நான் பின்னால் குலைகளுக்கு மேல் உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரியில் போலீஸ் மாத்தா வந்து விசாரித்தபோது கார்த்திகேசு படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னார். செயின் தடம் முதுகில் இருக்கிறது, படி என்கிறார். போலீஸ்காரர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். பத்துமலை வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு அழும்போது பெஞ்சு ஆடியது.

இது வரைக்கும் உனக்கு யாராவது சொல்லியிருக்கலாம். இனி எழுதுவதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை சித்தியவான் அணி இங்கே விளையாட வந்தது. ஜெயபாலன்தான் கோல் கீப்பர். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், கேட்கவில்லை. கார்த்திகேசு மாவுக் கட்டோடு, ஓட்டைத் தொப்பியோடு கோட்டுக்கு வெளியே நின்றார். மூன்றுக்கு ஒன்று தோற்றோம். இரண்டு கோல் இடது பக்கம் போனது. நம் பிள்ளைகள் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை.

விசில் ஊதியதும் பிள்ளைகள் கொட்டகைக்குள் போனார்கள். பனிக்கட்டித் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் போனேன். யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள். எல்லோரும் உள்ளங்கையை நீட்டினார்கள். கார்த்திகேசுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னடா, தீபாவளி அங்பாவ் காசு கேக்கிறீங்களா? அதான் முடிஞ்சிருச்சே லா" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அணித் தலைவன், "தோத்தா ஆளுக்கு ஆறு அடி, சார். ரோத்தான் அலமாரிக்கு மேல இருக்கு" என்றான். அதைச் சொல்லும்போதும் கையை மடக்கவில்லை.

கார்த்திகேசு ரோத்தானை எடுத்தார். ஒரு கையால் பிடித்து முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தார். பிரம்பு முறியுமா? வளைந்து விசிறி அவர் முழந்தாளிலேயே சுள்ளென்று ஒன்று வைத்தது. "அடியாத்தே!" என்று குதித்தார். அப்போதுதான் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் அழுதார்கள். அந்த ரோத்தானை என்னிடம் கொடுத்துவிட்டார். ரோசரி அதை அவரைக்காய்க் கொடிக்கு ஊன்றியிருக்கிறாள். நன்றாகப் படர்ந்திருக்கிறது.

ஸ்டானிஸ், நான் தினமும் திடலுக்கு வந்தவன். ஆனால் நீ கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வாய். உள்ளே பேசுகிறாய் என்று நினைத்து வெளியே பெருமையோடு நிற்பேன். நீட்டிய அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்கு எஸ்டேட் பெரட்டுக் களம்தான் கண்ணில் வந்தது. விடியலுக்கு முன்னால் வேலை மேய்க்கும் மண்டோர் பேர் கூப்பிடுவான், தாமதமாக வந்தவனுக்கு எல்லோர் முன்னாலும் அடி. நான் வாங்கியதை நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறாய். நீ படித்தாய், அந்த லயத்திலிருந்து வெளியேறினாய். உன் பெட்டியைத் தலையில் சுமந்து பஸ்ஸில் ஏற்றியவன் நான். அந்தப் பெட்டிக்குள் மண்டோரின் ரோத்தானையும் ஏன் எடுத்துப் போனாய்?

ஜெயபாலனிடம் நானே கேட்டேன், தஞ்சோங் மாலிமில் என்ன நடந்தது என்று. கோச் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிப் போனாராம், முதலில் ரோத்தான், அது கை நழுவியதும் பூட்ஸைக் கழற்றி அதால் காதோடு சேர்த்து அடித்தாராம். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை, "வலிய விடுங்க தாத்தா. கோச் என் பேரச் சொல்லிச் சொல்லி அடிச்சாரு. அந்தக் காதுல கடைசியா கேட்டது அதுதான். என் பேரு, அவரு குரல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தொலைந்த பொருள் எங்கே கிடக்கிறது என்று சொல்வது போலச் சொன்னான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பத்துமலை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். கார்த்திகேசுவைப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்கும் வந்து போகிறான், கருவாடு கொண்டுவருகிறான். எனக்குப் பல் கட்டித் தருகிறேன் என்கிறான். கோபம் ஆறிவிட்டதா என்று கேட்டேன். "அதக் கேக்காதீங்க தாத்தா. உங்க மகன் வந்தா ஒரு அறை விடுவேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல கை நீட்டினா என் கைய வெட்டுங்க" என்றான். சரி, கன்னத்தில் அறை, காதில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள் என்றேன். அதைக் கேட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்குச் சாப்பிடாமலே போய்விட்டான்.

ஆகவே மகனே, உனக்கு ஓர் அறை பாக்கி இருக்கிறது. மீதி எல்லாவற்றையும் ஒருவர் உனக்குப் பதிலாக வாங்கிவிட்டார். மாவுக் கட்டு பிரித்தாயிற்று, கை கோணலாகத்தான் சேர்ந்திருக்கிறது, சாக்பீஸ் பிடிக்க வராது என்கிறார்கள். இடது கையால் கரும்பலகையில் எழுதிப் பழகுகிறார். நானும் அவரும் ஒரே வகுப்பு என்று கேலி செய்கிறேன், சிரிக்கிறார். தொப்பியைத் திருப்பிக் கேட்டேன். "உங்க மகன் வந்து என் தலையிலேர்ந்து அவரு கையாலேயே எடுத்துக்கட்டும். அதுவரைக்கும் வெயில் லா, ஐயா" என்கிறார்.

கிறிஸ்மஸுக்கு வா. சாமான் ஒன்றும் வாங்கி வரவேண்டாம். பஸ் நிலையத்தில் நானும் பத்துமலையும் நிற்போம். அந்த ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள், நான் உன் பக்கத்தில் நின்று உன் பெட்டியைப் பிடித்துக்கொள்கிறேன். பிறகு திடலுக்குப் போகலாம். அந்த நேரத்தில் ஜெயபாலன் கோலில் நிற்பான். பின்னாலிருந்து கூப்பிடாதே, எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறுவான். இடது பக்கம் போகாதே. சுற்றிக்கொண்டு போய் வலது பக்கத்தில் நில்.

ஆண்டவர் உனக்குத் துணை இருக்கட்டும், தேவமாதா உன்னை வழி நடத்தட்டும். வேறு ஒன்றும் பேசவேண்டாம், மகனே. அந்தப் பிள்ளையின் பெயரை ஒரு தடவை, மெதுவாகச் சொல்.

உன் அப்பா
பாஸ்கல்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)