வேருக்கு ஊற்றும் மருந்து

நாகரசம்பட்டி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வினோதாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்க அப்பாவும் தங்கச்சி யுவஸ்ரீயும் கறவை மாடும் சௌக்கியம், நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், அதனால்தான் பருப்புப்பொடி பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

அச்சில் வந்த உன் கட்டுரையை, ஓசூர் கம்பெனியிலிருந்து லீவில் வந்த யுவஸ்ரீ எனக்குத் தமிழில் சொன்னாள். விக்டோரியா ராணி காலத்து நாவல்களில் ஆண்கள் பெண்ணையும் நிலத்தையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள், விளைந்தால் கொண்டாடினார்கள், விளையாவிட்டால் பழித்தார்கள், இரண்டையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாயாமே. பக்கத்து வீட்டு நஞ்சம்மா, செத்துப்போன வெள்ளைக்காரிகளைப் பற்றிப் படிக்கவா அத்தனை தூரம் போனாள் என்று கேட்டாள். போய் உன் அடுப்பைப் பாரடி என்று அனுப்பிவிட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை விட்டதும் லால் பாஷா பாய் வழக்கம்போல நம் மாந்தோப்புக் குத்தகை பேச வந்தார். தங்கமான மனிதர், ஆனால் இந்தத் தடவை மூன்று வருஷத்துக்குக் கேட்டார், மரத்துக்கு மரம் வேரைச் சுற்றிக் கொத்தி மருந்து ஊற்றுவாராம். ஊற்றினால் காய்க்காமல் ஓய்வெடுக்கிற வருஷத்திலும் மரம் காய்த்துத் தள்ளும், அப்புறம் கொப்பு கொப்பாகப் பட்டுப்போகும், தீர்த்தகிரி மாமா தோப்பு விறகாகிப் போனதை நீயே பார்த்திருக்கிறாய். உங்க அப்பா தலையாட்டிவிட்டு வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். தட்டு மாற்றிவிட்டால் நம் பக்கம் அதற்கு மேல் பேச்சே கிடையாது. நான் தட்டைக் கொண்டுவந்தேன், ஆனால் கொடுக்காமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். காபி கொடுத்துவிட்டு உள்ளே போகிறவள்தானே நான், அன்றைக்குக் கால் நகரவில்லை. யுவஸ்ரீக்கு அப்புறம் பையன் வேணும்னு எனக்கு மருந்து மருந்தா வாங்கியாந்து குடுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா, உதிரம் நிக்காம நான் கெடந்தது மறந்துபோச்சா, இந்த மரங்களுக்கும் அதே கதிதானா என்று பாய் முன்னாலேயே உங்க அப்பாவைக் கேட்டுவிட்டேன். தட்டு சாய்ந்து பாக்கெல்லாம் உருண்டது. பாய் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

உன் படிப்பு நல்லபடியாக முடிய எல்லாச் சாமியும் துணையிருக்கும். காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே, ராத்திரியில் வெறும் ரொட்டி தின்றுவிட்டுப் படுக்காதே. பொடியில் ஈரக் கரண்டி போடாதே.

அப்பா என்ன சொன்னார் என்று நீ கேட்பாய். அந்த மருந்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர், மரத்துக்கு வேணாம் பாய், இவளுக்கே நான் குடுத்திருக்கக் கூடாது என்றார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
சரஸ்வதி