புது முயலுக்குத் தனிக்கூண்டு

மச்சானுக்கு ஸலாம்.

நம் மகள் ஜஹ்ராவுக்கு இந்த லீவிலும் முயல் வாங்கித் தருவதாகச் சொன்னீர்களாம். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போன லீவில் சந்தையிலிருந்து தும்முகிற முயலைக் கொண்டுவந்து, மகளுடைய முயல்களோடு விட்டீர்கள். "புதுசைக் கொஞ்ச நாள் தனியா வைங்க" என்றேன். "முயலுக்குத் தனி ரூமா? துபாய்ல எனக்கே கெடையாது" என்று சிரித்தீர்கள். பெரிய ஹாஸ்யம்!

நீங்கள் விமானம் ஏறியதும் எல்லா முயலும் மூக்கொழுகிச் செத்தன. குழி தோண்டியது ஜஹ்ரா.

இந்த முறை முயல் உங்கள் உம்மா வீட்டில் தனிக்கூண்டில் இருக்கட்டும். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே, நீங்களும் அங்கேயே தங்குங்கள். நோய் இல்லையென்று டாக்டர் சொன்னதும் என் வீட்டுக்கு அனுப்புங்கள்.

முயலை மட்டும்.

இப்படிக்கு,
ஜஹ்ராவின் உம்மா